பருப்பு வேகாத ஆண்டு

என் அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காவிரித் தண்ணீரின் கடினத்தன்மையை அளக்கத் தெரியும். ஒரு பிடி துவரம்பருப்பு, ஒரு மண்சட்டி, விறகடுப்பு, அவ்வளவுதான் அவளுடைய ஆய்வுக்கூடம். ஆடியில் புதுத்தண்ணீர் வந்து, கலங்கல் அடங்கி, ஆவணியில் முகந்த தண்ணீர் என்றால் பருப்பு மலர்ந்து குழைந்துவிடும். பங்குனி பிறந்து, ஆறு மணலுக்குள் இறங்கிவிட்ட பிறகு, ஊற்று தோண்டிச் சிரட்டையால் வாரிய தண்ணீரில் அதே பருப்பு எத்தனை கொதி வந்தாலும் விதை விதையாக நிற்கும். கரண்டியால் ஒரு பருப்பை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, "தண்ணீர் கெட்டியாகிவிட்டது" என்பாள். எங்கள் ஊர் முசிறிக்கும் தொட்டியத்துக்கும் நடுவில், காவிரியின் வடகரையில் இருக்கிறது. அங்கே ஆறு அகண்ட காவிரி. நான் சிறுவனாக இருந்தபோது அக்கரையில் இருக்கும் மனிதர்கள் எறும்பு அளவுக்குத்தான் தெரிவார்கள்.

பிற்பாடு நான் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கப் போனேன். பருப்பின் செல்சுவரில் பெக்டின் என்று ஒரு பசை உண்டு. வேகும்போது அது இளகிக் கரைந்தால்தான் பருப்பு குழையும். தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்திருந்தால் அவை பெக்டினோடு கைகோத்துக்கொண்டு அதை இளகவிடாது. சோப்பு நுரைக்காததற்கும், அலுமினியப் பாத்திரத்தின் அடியில் வெள்ளை படிவதற்கும் இதே இரண்டு பேர்தான் காரணம். மாணவர்களுக்கு இதை விளக்கும்போதெல்லாம் அப்பாயியின் மண்சட்டிதான் நினைவுக்கு வரும். ஒரு கேள்வியை மட்டும் வெகுநாள் நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. அதே ஆறு, அதே படித்துறை, அதே ஊர். சித்திரையில் மட்டும் இந்தக் கால்சியம் எங்கிருந்து வருகிறது?

அதைக் கேட்க வைத்தது 2017-ஆம் ஆண்டின் கோடை. அதற்கு முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்து போயிருந்தது. வழக்கமான ஜூன் 12-இல் மேட்டூர் அணை பாசனத்துக்குத் திறக்கப்படவில்லை. அக்டோபர் 2-இல்தான் திறந்தார்கள். மேட்டூரின் நீர்ப்பரப்புக்குள் பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலின் நந்தி முழுசாக வெளியே வந்து வெயில் காய்ந்துகொண்டிருந்ததைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அப்பாயி அப்போது இல்லை. அம்மா தொலைபேசியில் அழைத்து, "எட்டு விசில் விட்டும் பருப்பு வேகவில்லையடா, குக்கர் கெட்டுவிட்டதா பார்" என்றாள். குக்கர் நன்றாகத்தான் இருந்தது.

அந்தக் கோடையில் நாளிதழ்களில் தினமும் ஒரு சின்னக் கட்டம் வந்துகொண்டிருந்தது. இன்றும் வருகிறது. மேட்டூர் நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை கன அடி, இருப்பு இத்தனை டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் எந்த விவசாயிக்கும் அந்த நான்கு எண்களும் மனப்பாடம். 120 அடி என்றால் 93.47 டி.எம்.சி. என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். காவிரி நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பும் 2018 பிப்ரவரி 16-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் இதே மொழியில்தான் பேசின: மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் கர்நாடகம் விட வேண்டியது முதலில் 192, பிறகு 177.25 டி.எம்.சி. அந்தத் தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்ற ஐந்தாவது எண் அந்தக் கட்டத்தில் கிடையாது. அளக்கிறவர்கள் இல்லாமல் இல்லை. மத்திய நீர்வள ஆணையமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் மாதிரி எடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் அந்த எண்கள் அட்டவணைகளுக்குள் போய் உட்கார்ந்துவிடுகின்றன, டீக்கடைக்கு வருவதில்லை.

நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பேச்சுக்கு, ஒரு லிட்டர் ஆற்றுத் தண்ணீரில் 300 மில்லிகிராம் உப்புகள் கரைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். குடிக்க நல்ல தண்ணீர்தான். இந்தியத் தர நிர்ணயம் 500 வரை ஏற்கத்தக்கது என்கிறது. ஒரு டி.எம்.சி. என்பது 2.83 கோடி கனமீட்டர். அப்படியானால் ஒரு டி.எம்.சி.யோடு சுமார் 8,500 டன் உப்பு வருகிறது. 177.25 டி.எம்.சி.யோடு 15 லட்சம் டன். இதில் பயப்பட ஒன்றும் இல்லை. ஆறு பிறந்த நாளிலிருந்து செய்துகொண்டிருக்கும் வேலை இது. மலையைக் கரைத்துக் கடலில் சேர்ப்பது. வறட்சி வந்தால் அந்த வேலை எப்படித் தடம் மாறுகிறது என்பதுதான் சங்கதி.

பெருக்கில் வருவது குடகு மலையின் மழை. அது நிலத்தின் மேலே வேகமாக ஓடி வந்துவிடும். பாறையோடு உட்கார்ந்து பேச அதற்கு நேரம் இல்லை. கோடையில் வருவது கரூர், நாமக்கல் பக்கத்துப் பாறைகளின் ஊறல். அந்தத் தண்ணீர் ஆண்டுக்கணக்கில் பாறை இடுக்குகளில் கிடந்திருக்கிறது. மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கரியமில வாயு அதில் கரைந்து, மெல்லிய கார்பானிக் அமிலமாகி, பாறையிலுள்ள கால்சியத்தையும் சோடியத்தையும் மெக்னீசியத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிக்கொண்டு வருகிறது. மழைக்காலத்திலும் இந்த ஊறல் வந்துகொண்டுதான் இருக்கும். வெள்ளத்தில் அது கரைந்து காணாமல் போய்விடும். வெள்ளம் நின்றதும் அது மட்டும் எஞ்சுகிறது. அப்பாயி சித்திரையில் அடுப்பில் வைத்தது ஆற்றுத் தண்ணீரே இல்லை. ஆறு போன பாதையில் வந்து நின்ற கிணற்றுத் தண்ணீர்.

எஞ்சுகிறவர் இன்னொருவரும் இருக்கிறார். பவானி, ஈரோடு, பள்ளிபாளையம், கரூர் என்று கரையோர ஊர்கள் வறட்சி வந்தாலும் குளிப்பதையும் துவைப்பதையும் விட்டுவிடுவதில்லை. சாக்கடை வற்றுவதில்லை. பெருக்கில் நூறில் ஒரு பங்காக வருவது வறண்ட காலத்தில் பாதியாகவும் ஆகலாம். சோடியமும் குளோரைடும் பாஸ்பேட்டும் அந்த வழியில் வருகின்றன.

மூன்றாவதாக வெயில். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. ஒரு குடம் அரைக் குடமானால் உவர்ப்பு இரட்டிப்பாகும் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். முதலில் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதைவிடச் சுவையானது, கொஞ்சம் கொடுமையானதும்கூட. எல்லா உப்புகளும் ஒரே மாதிரி செறிவதில்லை. தேங்கிய தண்ணீரில் பாசி வளர்ந்து, வெயிலில் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொண்டால் தண்ணீரின் பி.எச். ஏறும், அதாவது காரத்தன்மை கூடும். அப்போது கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்து வெளியேறிவிடும். வற்றிய குட்டைகளின் ஓரத்தில் கல்லின் மேல் வெள்ளைக் கோடாகத் தெரிவது பெரும்பாலும் அதுதான். சோடியம் அப்படிப் படியாது. கடைசிச் சொட்டு வரை தண்ணீரிலேயே நிற்கும். ஆக, முதலில் கெட்டியாகும் தண்ணீர், இன்னும் வற்றிப் போனால் கால்சியத்தை இழந்து சோடா உப்புத் தண்ணீராக மாறக்கூடும். அந்தத் தண்ணீரில் பருப்பு அருமையாக வேகும். சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் கடலை சீக்கிரம் வேகிறதே, அதே மாதிரி. அப்பாயியின் சோதனை அந்த இடத்தில் ஏமாந்துபோகும். தண்ணீர் நல்லதாகிவிட்டது என்றுதான் அவள் சொல்லியிருப்பாள்.

வயலுக்கு அதுதான் கெட்ட தண்ணீர். கால்சியம் களிமண் துகள்களைக் கட்டிகட்டியாகச் சேர்த்து வைத்திருக்கும். இடையில் காற்றும் நீரும் போய்வர வழி இருக்கும். சோடியம் வந்து கால்சியத்தின் இடத்தில் உட்கார்ந்தால் துகள்கள் பிரிந்து, வழிகள் அடைந்து, நிலம் மழையில் சேறாகவும் வெயிலில் ஓடாகவும் ஆகிவிடும். உவர் வேறு, களர் வேறு என்று நம் விவசாயிகள் பிரித்துச் சொல்வது இதனால்தான். உவரை நல்ல தண்ணீர் விட்டு அலசிக் கழுவலாம். களரை அப்படிக் கழுவ முடியாது. ஜிப்சம் போட்டு, அதாவது கால்சியத்தைத் திருப்பிக் கொடுத்து, பிறகுதான் அலச வேண்டும்.

ஒரு ஏக்கர் நெல்லுக்குப் பயிர்க்காலம் முழுவதும் சேர்த்து நான்கடி உயரத் தண்ணீர் கட்டுவதாக வைத்துக்கொண்டால், முன்பு சொன்ன 300 மில்லிகிராம் கணக்கில் ஏக்கருக்கு ஒன்றரை டன் உப்பு இறங்குகிறது. வறட்சியில் தண்ணீரின் செறிவு இரட்டிப்பானால் மூன்று டன். யூரியா மூட்டையைத் தோளில் தூக்கும் மனிதனுக்கு இந்த மூட்டைகள் கண்ணில் படுவதில்லை. நல்ல ஆண்டில் உபரித் தண்ணீர் இந்த உப்பைக் கழுவி வடிகாலில் தள்ளிவிடும். வறட்சி ஆண்டில் உப்பு இரட்டிப்பு, கழுவத் தண்ணீர் பூச்சியம். கடைமடையிலோ இன்னொரு தொல்லை. கொள்ளிடத்தின் வாயில் நல்ல தண்ணீரின் தள்ளுவிசை குறைந்தால், லிட்டருக்கு 35 கிராம் உப்போடு கடல் உள்ளே ஏறிவரும். கடல்நீர் கனமானது என்பதால் அடியில் நழுவிக்கொண்டு வரும். மேலே கை வைத்துச் சுவைத்துப் பார்க்கிறவருக்கு முதலில் தெரியாது.

வறட்சி ஒரு ஆற்றின் வேதியியலை என்ன செய்யும் என்பதற்கு உலகம் சுற்ற வேண்டியதில்லை, நொய்யல் போதும். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, பேரூரைத் தொட்டு, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் சின்ன ஆறு. காஞ்சி நதி என்பது பழைய பெயர். பருத்தித் துணியில் சாயம் ஏற்ற உப்பு வேண்டும். சாயம் தண்ணீரிலேயே தங்கிவிடாமல் நூலுக்குள் போய் ஒட்டிக்கொள்வதற்காகச் சாதாரண உப்பையோ சோடியம் சல்பேட்டையோ ஒவ்வொரு லிட்டருக்கும் பல பத்துக் கிராம் கொட்டுவார்கள். துணிக்குச் சாயம் மட்டும்தான் போகும். உப்பு முழுவதும் வெளியே வரும். நிறத்தை நீக்கலாம், சேற்றைப் படியவைக்கலாம்; கரைந்த உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பு ஒன்றும் செய்யாது. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவைச் சேர்த்து வைக்கும் குட்டையாகி, "இந்தத் தண்ணீர் எங்களுக்கு வேண்டாம், திறக்காதீர்கள்" என்று விவசாயிகளே போராடிய அணையாக மாறியது. அணையைத் திறக்காதே என்று விவசாயி கேட்கும் காலத்தை என் அப்பாயி நம்பியிருக்க மாட்டாள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய ஆலைகளை மூடச் சொன்னது. பிறகு, கழிவு ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையோடு, எதிர்ச் சவ்வூடு பரவலும் ஆவியாக்கிகளும் வைத்து உப்பைப் பிரித்தெடுக்கும் நிலையங்கள் வந்தன.

நொய்யலில் ஆலைகள் மட்டும் குற்றவாளிகள் என்று பேசி முடித்துவிடுவது வழக்கம். குற்றம் அவர்களுடையதுதான், ஐயமில்லை. ஆனால் அதே ஆலைகள் மேட்டூருக்குக் கீழே ஆடிப்பெருக்கில் இருந்திருந்தால் இத்தனை நாள் மறைந்து வாழ்ந்திருக்கும். நொய்யல் மழைக்காலம் தவிர மற்ற நாளெல்லாம் வறண்டு கிடக்கும் ஆறு. மறைக்கத் தண்ணீர் இல்லை. அதனால் அங்கே வெளிச்சத்துக்கு வந்தது. அணைத் தண்ணீரை எப்போது வெளியேற்றலாம் என்று யோசித்தபோதெல்லாம் வந்த பதில், "காவிரியில் வெள்ளம் வரும்போது". வெள்ளம் கழுவிவிடும் என்று நம்பித்தான் இங்கே எல்லாமே நடக்கிறது. வெள்ளம் வராத ஆண்டுக்கு யாரிடமும் திட்டம் இல்லை.

வறண்ட ஆறு பார்வைக்கு அழகாக இருக்கும் என்பது இன்னொரு ஏமாற்று. ஓட்டம் குறைந்தால் வண்டல் அடியில் படிந்துவிடும். தண்ணீர் பளிங்குபோல் தெளியும். கலங்கலைத் தெளியவைக்கத் தேற்றாங்கொட்டையை உரைத்துப் பழகிய நமக்குத் தெளிவு என்றால் சுத்தம் என்றே ரத்தத்தில் ஊறியிருக்கிறது. ஒரு முறை எங்கள் ஊர்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "கண்ணாடி மாதிரி இருக்கிறதே சார், இதில் என்ன?" என்றார். நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

தெளிந்த நீருக்குள் வெயில் அடி வரை இறங்கும். தேங்கலும் சூடும் பாஸ்பேட்டும் சேர்ந்தால் பாசிக்குக் கொண்டாட்டம். 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும்; 30 பாகையில் ஏழரைதான். பகலில் பாசி ஆக்சிஜனை உண்டாக்கும். இரவெல்லாம் அதுவே மூச்சு விட்டுத் தின்று தீர்க்கும். விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்குத்தான் மீனுக்கு மூச்சு முட்டும். பரிசல்காரர்களுக்கு இது தெரியும். அந்த நேரத்தில் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும் என்பார்கள். அலுவலக ஜீப் பதினொரு மணிக்கு வந்து மாதிரி எடுத்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

ஐரோப்பாவில் ஓடர் ஆற்றுக்கு 2022 கோடையில் நடந்ததை இதனால்தான் நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போலந்துக்கும் ஜெர்மனிக்கும் எல்லையாக ஓடும் ஆறு. ஜூலை கடைசியிலும் ஆகஸ்டிலுமாக அதில் சுமார் 360 டன் மீன்கள் செத்து மிதந்தன. யாரோ விஷத்தைக் கொட்டிவிட்டார்கள் என்று இரு நாடுகளும் தேடின. பாதரசம் என்று ஒரு பேச்சு கிளம்பியது, இல்லை என்றானது. கடைசியில் கிடைத்த குற்றவாளி பிரிம்னீசியம் பார்வம் என்ற பொன்னிறப் பாசி. அது கடலோர உவர்நீரில் வாழ்வது; நன்னீர் ஆற்றில் அதற்கு என்ன வேலை? சுரங்கங்களிலிருந்து உப்புநீர் நெடுங்காலமாக ஆற்றில் விடப்பட்டு வந்திருக்கிறது. அந்த ஆண்டு மழையில்லை, ஆறு வற்றியது, தண்ணீர் சூடேறியது, உப்பு செறிந்தது. நன்னீர் ஆறு சில வாரங்களுக்குப் பாசியின் கண்ணுக்குக் கழிமுகமாகத் தெரிந்திருக்கிறது. பாசி பெருகி, மீனின் செவுளைச் சிதைக்கும் நச்சைக் கக்கியது. விஷம் தேடிய ஊரில் கிடைத்தது உப்பும் வெயிலும். நம் ஊர் ஏரியில் மீன் செத்தால் "விஷம் கலப்பா? போலீசார் விசாரணை" என்று வரும் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஓடர்தான் நினைவுக்கு வருகிறது.

செறிவது மட்டுமே கதை என்றும் நினைத்துவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவின் நெடுவறட்சியில், 2009 வாக்கில், மரே ஆற்றின் கடைசியிலுள்ள அலெக்ஸாண்ட்ரினா, ஆல்பர்ட் ஏரிகள் கடல்மட்டத்துக்கும் கீழே இறங்கின. அடிச்சேற்றில் காற்றுப் படாமல் கிடந்த இரும்புச் சல்பைடு வெளியே வந்ததும் ஆக்சிஜனோடு சேர்ந்து கந்தக அமிலமானது. விமானத்திலிருந்து சுண்ணாம்புத் தூளைத் தூவினார்கள்.

வறட்சியைவிட நான் பயப்படுவது வறட்சி முடியும் நாளை. புதுத்தண்ணீர் நுங்கும் நுரையுமாக வரும்போது பூத்தூவி வரவேற்பது நம் மரபு. அதே வீட்டில் "புதுத்தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, நாலு நாள் போகட்டும்" என்று சொன்னதும் நம் மரபுதான். இரண்டாவதைச் சொன்னவர்களுக்கு வேதியியல் தெரிந்திருக்கிறது. வறண்ட மாதங்களில் வயலில் போட்ட உரத்தைப் பயிர் முழுசாக எடுத்துக்கொள்ளாது. அது நைட்ரேட்டாக மண்ணில் காத்திருக்கும். வாய்க்காலில் சருகும் சாணமும் சேரும். ஆற்றின் பள்ளங்களில் சாக்கடைச் சேறு காற்றில்லாமல் அழுகிக் கறுத்துக் கிடக்கும். முதல் வெள்ளம் இவை அனைத்தையும் ஒரே நாளில் கிளப்பிக்கொண்டு வரும். பிரிட்டனில் 1975-76 வறட்சி முடிந்து மழை பிடித்த பிறகு ஆறுகளில் நைட்ரேட் திடீரென ஏறியது அந்த நாட்டின் நீரியல் வகுப்புகளில் இன்றும் பாடம். நம்மிடமும் பாடம் உண்டு. 2017 செப்டம்பரில், வறண்ட கோடைக்குப் பிறகு மழை பெய்ததும், நொய்யல் மலைமலையாக நுரை பொங்கி ஓடியது. மக்கள் சோப்புப் போட்டுக் குளிப்பதால் வந்த நுரை என்று அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் விளக்கம் சொன்னார். ஊரே சிரித்தது. சிரித்து முடித்ததும் மறந்தும் போனது.

முன்பெல்லாம் வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் நடுவில் சாதாரண ஆண்டுகள் சில வந்துபோகும். ஆறு இளைப்பாறி, அலசி, பழைய நிலைக்கு வர அவகாசம் இருக்கும். அண்மைக் கணக்கைப் பாருங்கள். 2015 டிசம்பரில் வடதமிழகம் வெள்ளத்தில் மூழ்கியது. 2016-இல் பருவமழை பொய்த்தது. 2017-இல் மேட்டூர் அக்டோபர் வரை மூடிக் கிடந்தது. 2018 ஆகஸ்ட் 22-இல் முக்கொம்பில் கொள்ளிடம் அணையின் மதகுகள் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயின. காய்ச்சுவதும் கவிழ்ப்பதுமாக நான்கு ஆண்டுகள். சராசரி மழையளவை எடுத்துக் கூட்டி வகுத்தால் பெரிதாக ஒன்றும் நடக்காதது போலத்தான் தெரியும். ஆறு சராசரியில் வாழ்வதில்லை. சேர்த்துவைப்பது, பிறகு ஒரே நாளில் கொட்டுவது என்ற இந்த ஊசலாட்டத்தில்தான் அதன் தண்ணீர் மாறுகிறது. நடுவர் மன்றம் 2007-இல் சுற்றுச்சூழலுக்கென்று 10 டி.எம்.சி. ஒதுக்கியது பலருக்கும் தெரியாது. அதுவும் டி.எம்.சி.தான்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். சமையலறைச் சுவரில் புதிதாக ஒரு சுத்திகரிப்புக் கருவி மாட்டியிருந்தது. "இப்போது மூன்றே விசில், பருப்பு வெண்ணெய்போல் குழைகிறது" என்றாள் அம்மா. கருவியிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று ஜன்னல் வழியாக வெளியே போயிற்று. ஒரு குடம் நல்ல தண்ணீர் எடுத்தால், ஒரு குடத்துக்கும் மேலாக உப்புக் கழிவு அதில் சொட்டிக்கொண்டே இருக்கும். குழாயைத் தொடர்ந்து கொல்லைக்குப் போனேன். கொல்லையிலிருந்து தெருச் சாக்கடை, தெருவில் ஏறக்குறைய எல்லா வீட்டு ஜன்னலிலும் அதேபோல் ஒரு குழாய், சாக்கடை முடியும் இடத்தில் பழைய படித்துறை. நான்காவது படிவரை வெள்ளை பூத்திருந்தது.